நாலு அடியும் ஒரு கேள்வியும்

பையன் ஒருவன் தப்புச் செய்துவிட்டால் நம்மிடம் கைவசம் இருக்கும் வைத்தியங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, "சின்னப் பையன், ஏதோ தெரியாமல் செய்துவிட்டான், விடுங்கள்" என்பது. மற்றது, "நாலு சாத்து சாத்தினால் தானாகச் சரியாகிவிடும்" என்பது. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் பையனைப் பெற்றவராக இருப்பார். இரண்டாவதைச் சொல்பவர் அடுத்த வீட்டுக்காரர். அடுத்த வீட்டுக்காரரின் மகன் அகப்பட்டுக்கொள்ளும் நாளில் இரண்டு வைத்தியங்களும் வீடு மாறிக்கொள்ளும். இதை நான் எங்கள் தெருவிலேயே பல தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் பையனுக்கு வேலை எதுவும் இல்லை. விட்டுவிட்டால் அவன் பாட்டுக்குப் போகிறான். அடித்தால் வாங்கிக்கொண்டு போகிறான். அடி வலிக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அதற்குச் சும்மா நின்றால் போதும். யாருக்குக் கெடுதல் செய்தானோ அந்த மனிதரின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் இரண்டிலுமே அவனுக்கு இல்லை.

கனடாவில் ஆண்டேரியோ மாகாணத்தில் எல்மைரா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1974-ஆம் வருஷம் மே மாதம் ஓர் இரவில் அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், ஒருவனுக்கு வயது 18, மற்றவனுக்கு 19, நன்றாகக் குடித்துவிட்டுத் தெருத் தெருவாகக் கிளம்பினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளைக் கல்லால் அடித்தார்கள். ஒரு படகைக் கூட விட்டுவைக்கவில்லை. விடிவதற்குள் 22 இடங்களில் சேதம். குற்றத்தை இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தண்டனை என்ன என்பது ஒன்றுதான் பாக்கி.

அவர்களைப் பற்றி அறிக்கை எழுத வேண்டிய நன்னடத்தை அதிகாரிக்கு அப்போது ஒரு விசித்திரமான யோசனை தோன்றியது. இந்தப் பையன்கள் யார் யாருடைய சொத்தை நாசம் செய்தார்களோ அவர்களை நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்று எழுதினார். நீதிபதி இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று முதலில் தயங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, வழக்கை ஒத்தி வைத்து, "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அதிகாரியும் அவருடைய நண்பரும் கையில் நோட்டுப் புத்தகத்துடன் பின்னால் நிற்க, பையன்கள் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினார்கள். "உங்கள் வீட்டுக் கண்ணாடியை உடைத்தது நாங்கள்தான்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கோர்ட்டு பின்னால் ஆளுக்கு 200 டாலர் அபராதமும், 550 டாலர் வரை நஷ்டஈடும் விதித்தது. சில மாதங்களுக்குள் அவர்கள் மறுபடியும் அதே கதவுகளைத் தட்டிப் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

இந்தக் கதையின் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அந்த இருவரில் ஒருவர் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பேச வந்த ஒருவர் எல்மைரா வழக்கைப் பற்றிச் சொல்லுகிறார். உலகத்தின் பல மூலைகளில் தம் கதையைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிய வருகிறது. பிற்பாடு அவரே அந்த வேலையில் தொண்டராகச் சேர்ந்துவிட்டார். நாவலில் எழுதினால் "இப்படியெல்லாம் நடக்குமா?" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் என்று பெயர். தமிழில் 'சீரமைப்பு நீதி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் நகராட்சி ரோடு கண்டிராக்டர் ஞாபகம்தான் வருகிறது. பெயர் போகட்டும். விஷயம் பெரியது.

நம் நாட்டில் சிறுவர் குற்றத்துக்கென்று தனிச் சட்டம் முதலில் வந்தது நம் ராஜதானியில்தான். 1920-ஆம் வருஷத்துச் சென்னைச் சிறுவர் சட்டம் அது. வங்காளமும் பம்பாயும் பிறகுதான் வந்து சேர்ந்தன. பெரியவர்களோடு சேர்த்துப் பையன்களைச் சிறையில் அடைக்கக் கூடாது, அவர்களைத் திருத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். "சொன்ன பேச்சைக் கேட்கலேன்னா செங்கல்பட்டு ஸ்கூல்லே கொண்டு போய்ச் சேர்த்துடுவேன்" என்று மிரட்டிப் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பதற்கு அது பயன்பட்டது. சீர்திருத்தப் பள்ளி என்ற பெயரில் ஜனங்கள் காதில் விழுந்தது 'பள்ளி' அல்ல.

இப்போது அமலில் இருப்பது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். மாஜிஸ்திரேட் ஒருவரும் சமூக சேவகர்கள் இருவரும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், கொண்ட குழுமம் பையனை விசாரிக்கிறது. குற்றம் செய்தது உண்மைதான் என்று தெரிந்தால் குழுமம் என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். குழுவாக உட்கார வைத்து ஆலோசனை சொல்லலாம். சமூகத் தொண்டு செய்யச் சொல்லலாம். அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். மிஞ்சிப் போனால் மூன்று வருஷத்துக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். நான் இந்தப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். மனிதத் தன்மையோடு எழுதியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பறிகொடுத்தவரைக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்கும் வரி அந்தப் பட்டியலில் இல்லை. அவர் சாட்சி சொல்ல வருவார், சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நார்வே நாட்டில் நில்ஸ் கிறிஸ்டி என்று ஒரு குற்றவியல் அறிஞர் இருந்தார். 1977-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வேடிக்கையான, ஆனால் கசப்பான வாதம் செய்தார். இரண்டு பேருக்குள் வரும் வழக்கு அவர்கள் இருவருக்கும் சொந்தமான சொத்தாம். அந்தச் சொத்தை வக்கீல்களும் சர்க்காரும் அவர்களிடமிருந்து கவர்ந்துகொண்டு போய்விடுகிறார்களாம். திருடு கொடுத்தவன் முதலில் பொருளை இழக்கிறான், அப்புறம் வழக்கையும் இழக்கிறான். வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

படித்த சமாசாரங்கள் இவை. கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு.

சில வருஷங்களுக்கு முன் போகிப் பண்டிகையன்று விடியற்காலையில், எங்கள் தெருக்கோடி வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த இட்லிக்கார ஆயாவின் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போய் நெருப்பில் தள்ளிவிட்டார்கள். செய்தவர்கள் நாலு பையன்கள். ஒன்பதாவது, பத்தாவது படிப்பவர்கள். பழைய பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்த இடத்தில் வண்டியின் பலகையும் பெட்டியும் எரிந்து, சக்கரமும் தகரமும் மட்டும் மிஞ்சின. ஆயா வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. பொங்கலை ஒட்டி நடக்கும் நாலு நாள் வியாபாரமும் போயிற்று.

போலீசுக்குப் போகவில்லை. தெருப் பெரியவர்கள் கூடினார்கள். தகப்பன்மார்கள் நாலு பேரும் நடுத்தெருவில் வைத்துப் பையன்களை அடித்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை; பார்க்காமலும் யாரும் இருக்கவில்லை. "பழைய சாமான்னு நினைச்சிட்டோம்" என்று பையன்கள் அழுதார்கள். வண்டிக்கு என்ன விலையோ அதைத் தகப்பன்மார்கள் பங்கு போட்டு ஆயாவிடம் கொடுத்தார்கள். புது வண்டி வந்தது. எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனோம். பைசல் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

ஆனால் ஆயா வேப்பமரத்தடிக்கு வண்டியைக் கொண்டு வரவில்லை. ராத்திரி அதைச் சங்கிலி போட்டு வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வியாபாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தப் பையன்களும் அவள் இருக்கும் பக்கம் வராமல் சுற்று வழியாகப் போனார்கள். அறுபத்தெட்டு வயதுக் கிழவிக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கும் ஒரே தெருவில் ஒருவரை ஒருவர் கண்டு பயம்.

தெருவில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. மாசி மாதத்தில் ஒரு நாள் ஆயாவிடம் போய், "அந்தப் பசங்களைக் கூட்டிக்கிட்டு வந்தா உட்கார்ந்து பேசுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆயா முடியாது என்று சொல்லிவிட்டாள். பத்து நாள் கழித்து அவளே, "வரச் சொல்லுங்க" என்றாளாம். ஆயாவின் வீட்டுத் திண்ணை போதாது என்று டீச்சரம்மா எங்கள் வீட்டு பெஞ்சை இரவல் கேட்டார். பெஞ்சோடு நானும் போனேன்.

மூன்று பையன்கள்தான் வந்தார்கள். நாலாவது பையனைத் திருப்பூரில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவனுடைய தாயாரும் கூட வந்திருந்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆயா சொன்னாள்:

"அடிக்கிறதெல்லாம் அன்னிக்கே அடிச்சாச்சு. பணமும் வாங்கிட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அது என் வண்டின்னு தெரியுமா, தெரியாதா?"

இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். மூன்றாவது பையன் தாயாரைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "தெரியும் ஆயா" என்றான்.

அவன் தாயார் திடுக்கிட்டுப் போனாள். அன்று நடுத்தெருவில் அத்தனை அடியிலும் வெளியே வராத வார்த்தை அது. அடிக்கிறவர்களிடம் "தெரியாது" என்று சொல்வதுதானே புத்திசாலித்தனம்?

"தெரிஞ்சுமா செஞ்சே?"

"ரெண்டு நாள் முன்னாடி, பசங்க எல்லாரும் நிக்கிறப்போ, உங்கப்பன் சாப்பிட்ட பாக்கியை எப்படா குடுப்பான்னு கேட்டீங்க ஆயா."

ஆயா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அதுக்கு என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாமேடா" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரியிலே எங்கேயாவது புகை வாசனை வந்தா எந்திரிச்சு உட்கார்ந்துக்கறேன். விடியற வரைக்கும் தூக்கம் வர்றதில்லே" என்றாள். அதைக் கேட்டுத்தான் அந்தப் பையன் அழுதான். அன்றைக்கு அழுத அழுகை வேறு, இது வேறு. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

வண்டியின் அடியில் இருந்த மரப்பெட்டியில் கடன் நோட்டு இருந்ததாம். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுவதும் அதில்தான். நெருப்பில் போனது வண்டி மட்டும் என்று எண்ணி விலை போட்ட நாங்கள் யாரும் அதைக் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. இப்போது சொன்னாள். பையன்கள் வீடு வீடாகப் போய் அந்தக் கணக்கைத் திரும்ப எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு வாரம் சாயங்காலங்களில் புது நோட்டுடன் அலைந்தார்கள். நோட்டில் முதல் பெயராக அந்தப் பையன் தன் தகப்பனார் பெயரை எழுதினான். தெருவில் நாலைந்து பெரிய மனிதர்கள் தாங்கள் பாக்கியே வைத்ததில்லை என்று சாதித்துவிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆயா "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லவில்லை. டீச்சரம்மாவும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. நம்மவர்கள் சமாதானம் பேசினால் கடைசியில் இரண்டு பேரையும் கை கோக்க வைத்து, "மறந்துடுங்க" என்று முதுகில் தட்டாமல் விடமாட்டார்கள். மறப்பதும் மறக்காததும் வண்டியைப் பறிகொடுத்தவள் இஷ்டம்.

"இதில் என்ன புதுமை? நம் ஊர்ப் பஞ்சாயத்து இதைத்தானே செய்துகொண்டிருந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பழம்பெருமையில் நம்பிக்கை இல்லை. பஞ்சாயத்தில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஜாதி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தது. மேல்தெருப் பையன் கீழ்த்தெருவில் செய்த அக்கிரமம் அங்கே பிராதாகக் கூட வராது. கீழ்த்தெருப் பையனானால் மரத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள். ஆயாவின் திண்ணையில் நடந்தது பஞ்சாயத்து அல்ல. அங்கே தீர்ப்புச் சொல்ல ஒருவரும் இல்லை.

டீச்சரம்மா தன் சொந்த புத்தியால் செய்த இந்தக் காரியத்தை நியூஸிலாந்தில் 1989-இல் சட்டமாகவே செய்திருக்கிறார்கள். அங்கே மாவோரி மக்களின் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து அரசாங்க இல்லங்களில் அடைத்துவந்தார்கள். எங்கள் பிள்ளையின் விஷயத்தை எங்கள் குடும்பத்தைக் கேட்காமல் நீங்கள் எப்படித் தீர்மானிக்கலாம் என்று மாவோரிகள் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்தது குடும்பக் கூட்டம் என்ற ஏற்பாடு. கொலைக் குற்றங்கள் இதில் சேராது. மற்றபடி இளைஞர் கோர்ட்டுக்கு வரும் பையன் குற்றத்தை மறுக்காவிட்டால், கோர்ட்டு முடிவு செய்வதற்கு முன் இந்தக் கூட்டம் நடந்தாக வேண்டும். பையன், அவனுடைய குடும்பத்தார், சித்தப்பா பெரியம்மா வரை வரலாம், கெடுதலுக்கு ஆளானவர், அவருக்குத் துணையாக வருபவர்கள், போலீஸ்காரர், கூட்டத்தை நடத்தும் ஓர் உத்தியோகஸ்தர், இத்தனை பேரும் உட்காருகிறார்கள். நடந்ததைப் பேசி முடித்ததும் குடும்பத்தாரை மட்டும் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். குடும்பம் ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வர வேண்டும். பணம் கட்டுவதா, வேலை செய்துகொடுப்பதா, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போவதா என்று அதில் எல்லாம் இருக்கும். கெடுதலுக்கு ஆளானவரும் போலீசும் ஒப்புக்கொண்டால்தான் அது முடிவு.

அதே 1989-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் பிரெயித்வெயிட் அவமானத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் அவமானத்தை இரண்டாகப் பிரிக்கிறார். "நீ திருடன்" என்று முத்திரை குத்தி ஊரை விட்டு ஒதுக்குவது ஒன்று. அது அவனைத் திருடர்களிடமே கொண்டு சேர்க்கிறது. "நீ செய்தது கெட்ட காரியம், ஆனால் நீ எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று வேண்டியவர்கள் முன்னிலையில் உணர வைத்து, திரும்பவும் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. நடுத்தெருவில் உரித்து அடிக்கும் நம் வழக்கம் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது அதற்குக் கைபேசியும் துணை சேர்ந்திருக்கிறது. பையன் அழுவதைப் படம் பிடித்து ஊர் முழுவதும் அனுப்புகிறார்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் இருப்பது அனுப்புகிறவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை.

நான் இந்த முறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பதால் எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொல்லமாட்டேன். 2012 டிசம்பரில் டில்லியில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையில் ஈடுபட்ட ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. அவனுக்குச் சட்டப்படி கிடைத்தது மூன்று வருஷம். நாடு கொதித்தது. 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தில், பதினாறு வயதுக்கு மேற்பட்ட பையன் மிகக் கொடிய குற்றம் செய்தால் பெரியவனாகவே வைத்து விசாரிக்கலாம் என்ற ஏற்பாடு அந்தக் கொதிப்பிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட வழக்கில் மகளை இழந்த தாயிடம் போய் "திண்ணையில் உட்கார்ந்து பேசலாமா" என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை, கேட்பதும் நியாயமில்லை. ஆனால் அந்த ஒரு வழக்கை நினைத்துக்கொண்டு சைக்கிள் திருடிய பையனையும் கண்ணாடி உடைத்த பையனையும் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். பிடிபடும் பையன்களில் பலர் பின்னால் சொன்ன இனம்.

இந்தக் கூட்டங்களினால் எல்லோருக்கும் மனம் ஆறிவிடுவதும் இல்லை. நியூஸிலாந்தில் கேப்ரியல் மாக்ஸ்வெல், ஆலிசன் மாரிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முதல் சில வருஷத்துக் கூட்டங்களை ஆராய்ந்து 1993-இல் எழுதினார்கள். கூட்டத்துக்கு வந்த பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், வந்ததால் மனவேதனை அதிகமாயிற்று என்று சொன்னார்களாம். பையன் மனமில்லாமல் முணுமுணுத்தான், குடும்பத்தார் அவனுக்கே பரிந்து பேசினார்கள் என்றால் வேறு என்ன ஆகும்?

அதே ஆராய்ச்சியில் இன்னொரு விவரமும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் கூட்டத்துக்கு வரவே இல்லை. பையன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று நாம் நினைப்போம். கேட்டுப் பார்த்தார்கள். பார்க்க விருப்பமில்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் சொன்ன காரணங்கள் சாதாரணமானவை. கூப்பிடவே இல்லை என்றார்கள்; கூப்பிட்டது கடைசி நேரத்தில் என்றார்கள்; குறித்த நேரம் தாங்கள் வேலைக்குப் போகிற நேரம் என்றார்கள்.